ஒன்பதாம் நம்பர்

உள்ளே வரும்போது பார்த்தேன், உங்கள் ஜீப்பை இரண்டு காவலர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது, வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம் சார். இப்படி நிற்கிற பத்து வண்டியில் ஏழுக்குப் பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிதான் காரணம். ஒரு குவளை வெந்நீர் ஊற்றித் துடைத்தால் சரியாகிவிடும். நான் வந்த வேலை முடிந்ததும் நானே பார்த்துக் கொடுக்கிறேன்.

நான் வந்தது என் தம்பியைப் பற்றிச் சொல்ல. அவன் போய் இன்றோடு ஆறு வாரம். மாரடைப்பு. மருத்துவமனைத் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. நீங்களும் எனக்கு டீ வரவழைத்து, துக்கத்தில் இருக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்கள் என்று சொன்னீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனாலும் எழுத்தர் பேனாவை எடுத்தால் எனக்கு உதவியாக இருக்கும். நான் எதையும் வரிசையாகத்தான் சொல்வேன், அதனால் எழுதுவதும் சுலபம்.

இருபத்தாறு வருஷமாக நான் கார் எலக்ட்ரீஷியன். பட்டறையில் என் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கும். வண்டி சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாமல் நின்றால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று அதில் பதினோரு வரி. நானே எழுதி, நானே பிளாஸ்டிக் உறை போட்டது. ஒன்று முடியாமல் இரண்டுக்குப் போகக் கூடாது. அவசரக்காரன் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டி, அப்புறமும் வண்டி கிளம்பாமல் திருதிருவென்று முழிப்பான். வரிசையாக வருகிறவன் ஏமாற மாட்டான். பட்டறையில் எனக்கு 'வரிசை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டல்தான், ஆனால் நான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

என் தம்பிக்கு வைத்த பெயர் 'காது'. என்னைவிட ஆறு வயது சின்னவன். அதே பட்டறையில் எனக்குப் பிறகு பதினான்கு வருஷம் கழித்துச் சேர்ந்தான். அவனுக்கு அட்டை கிட்டை ஒன்றும் தேவையில்லை. சாவியைத் திருப்பச் சொல்வான், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பான், இன்னது என்று சொல்லிவிடுவான். பானெட்டைத் திறப்பதே பிறகுதான்.

ஒரு நாள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். நான் அட்டைப்படி ஐந்து முடித்து ஆறாம் நம்பருக்கு வந்திருந்தேன், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் டீ கிளாஸோடு அந்தப் பக்கம் போனவன் நின்றான்.

"அண்ணா, அது ரிலே. சத்தத்துலயே தெரியுதே."

ரிலேதான், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்து விடுகிற சின்னப் பெட்டி. அவன் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். உதவி செய்கிற முகத்தோடு சொன்னான், மிச்ச டீயைக் குடித்துக்கொண்டே போய்விட்டான். அந்த ஆசிரியை அடுத்த முறை வந்தபோது என்னைப் பார்த்து, "சின்னவர் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் சும்மாதான் இருந்தேன். என் கையில் அப்போது வேலை ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

சின்னவர் இல்லையா. இந்த இரண்டு வார்த்தையைப் பன்னிரண்டு வருஷம் கேட்டேன் சார். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன். வயிறு எரிந்தது உண்மை. வீட்டிலும் அதே கதைதான். கிணுகிணுத்த மின்விசிறியைக் கழற்றிப் போட்டு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். இவன் வந்தான், மாட்டச் சொன்னான், ஓடவிட்டு அண்ணாந்து கேட்டான், மேல் மூடியில் ஒரு திருகை இறுக்கினான். என் மனைவி கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்காக அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை.

இப்போது வண்டி. அது பட்டறைக்குப் பின்னால் இரண்டு வருஷம் துருப்பிடித்துக் கிடந்தது. தானாக கியர் மாறுகிற பழைய ரகம். அந்த ரகத்தில் ஒரு சங்கடம் உண்டு, நின்றுபோனால் தள்ளிக் கிளப்ப முடியாது. நான் அதை மூன்று முறை பார்த்து, இனி உடைக்கத்தான் லாயக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தம்பி அதை முதலாளியிடம் கேட்டு வாங்கினான். இரண்டு மாதம் ஞாயிறு ஞாயிறாக அதன் அடியில் படுத்துக் கிடந்தான். ஒரு நாள் காலையில் அதே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அந்த வண்டியில்தான் தம்பி மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண். என் அட்டையை ஒரு பிரதி எடுத்து, உறை போட்டு, வண்டியின் முன்பெட்டியில் வைத்திருந்தாள். "மாமா எழுதினது, வழியில நின்னா உதவும்" என்று எல்லோரிடமும் சொல்வாள். உண்மையைச் சொன்னால் என் அட்டையை மதித்தவள் அவள் ஒருத்திதான்.

முதலாளி புதிதாக இன்னொரு பட்டறை திறக்கப் போகிறார், அதற்கு ஒரு தலைமை ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். என்னைக் கூப்பிட்டார், உட்காரச் சொன்னார்.

"உங்க அட்டை நல்ல அட்டைதான். ஆனா அங்க நமக்கு அவன் காது வேணும். நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புதுப் பட்டறையின் கூட்டாளிகள் வருகிறார்கள், தம்பியை அவர்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. தம்பி வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. ஊரின் மேட்டில் கடைசித் தெருவில் புதிதாகக் கட்டிய வீடு. தெருவில் நான்கு வீடுகள், இரண்டில்தான் ஆட்கள். அன்று தம்பி சந்தோஷமாக இருந்தான். சாப்பிடும்போது, "அண்ணா, நீயும் அங்க வந்துடு. அட்டைய அங்க மாட்டிடலாம்" என்றான். என் மனைவி, "எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்றாள். சாப்பிட்டபின் எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தம்பி மனைவி எழுந்திருந்தாள். என் கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வீட்டில் கறுத்த கையை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்குப் போன் வந்தது. நான் வழக்கம்போல ஏழுக்கே பட்டறையைத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, இவருக்கு நெஞ்சு வலிக்குது. வேர்த்துக் கொட்டுது. பின் சீட்டுல படுக்க வச்சுட்டேன். சாவியத் திருப்பினா டக்குனு சத்தம் மட்டும் வருது, கிளம்ப மாட்டேங்குது."

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"அவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போயிட்டாரு. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"அந்த மேட்டுக்கு ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும்மா. இது ரெண்டு நிமிஷ வேலை. பதறாத. அட்டை இருக்கா?"

"இருக்கு மாமா."

"ஒண்ணாம் நம்பர்லேருந்து வா."

ரெண்டு நிமிஷ வேலை என்று சொன்னது நிஜம் சார், அதைவிடக் குறைவாகக்கூட ஆகும். அரை மணி என்று நான் நம்பித்தான் சொன்னேன். பிறகு விசாரித்ததில் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்திருக்கும் என்றார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, திறந்திருந்த ஜன்னல் பக்கமாக வண்டி மேல் வைத்துவிட்டு நான் சொன்னபடி செய்தாள். கியர் கம்பி சரியான இடத்தில் நிற்கிறதா. நிற்கிறது. விளக்கு எரிகிறதா. எரிகிறது. சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்குகிறதா. "மங்கல மாமா, பளிச்சுனு எரியுது" என்றாள். விளக்கு மங்கவில்லை என்றால் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை, வயரைத்தான் பார்க்க வேண்டும் என்று நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆனால் அட்டையில் அடுத்தது நான்காம் நம்பர். பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடவில்லை. ஐந்தாம் நம்பர், முனைகளில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவது.

"வெந்நீர் வைம்மா. நல்லா கொதிக்கணும்."

அவள் உள்ளே ஓடினாள். தண்ணீர் கொதிக்க நான்கு நிமிஷம் ஆனது. பட்டறைச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, அதனால் எனக்குத் தெரியும். அந்த நான்கு நிமிஷமும் போன் திறந்தே இருந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. இழுத்து இழுத்து விட்டான். அப்புறம் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா. நீ வந்துடேன்."

"வரேன்டா" என்றேன்.

பட்டறையிலிருந்து அவன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் ஒன்பது நிமிஷம். நான் ஸ்டூலிலேயே இருந்தேன். போனை வைத்துவிட்டுக் கிளம்பினால் அவளுக்கு யார் வழி சொல்வது என்று நினைத்தேன். இப்போதும் அது நியாயமான யோசனையாகவே படுகிறது.

அவள் வந்து வெந்நீரை ஊற்றினாள், துடைத்தாள், ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். போனில் எனக்கும் கேட்டது, டக். உடனே பின்சீட்டிலிருந்து அவன் குரல் வந்தது. சன்னமாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"எர்த்து. எர்த் வயரப் பாரு."

"மாமா, இவர் எர்த் வயர்ங்கறாரு. அது எங்க இருக்கு மாமா?"

எர்த் வயர் என்பது எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கிற ஒரு தடித்த பட்டை வயர். அதன் பிடி விட்டுப்போனால் விளக்கு எரியும், டக்கென்று சத்தமும் வரும், எஞ்சின் மட்டும் சுற்றாது. இடப்பக்கம் பேட்டரிக்குக் கீழே கையை விட்டால் தட்டுப்படும். கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடக் கிளப்பிவிடலாம். இவ்வளவையும் சொல்ல எனக்குப் பத்து விநாடி போதும். சார், நான் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அவன் நெஞ்சு ஞாபகமே வரவில்லை. செத்துக்கொண்டிருக்கும்போதும் ஒரே ஒரு சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டானே என்றுதான் வந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குரலை மட்டும் நிதானமாக வைத்துக்கொண்டேன்.

"அவன் வலியில உளர்றான்மா. எர்த் வயர் ஒன்பதாம் நம்பர். நாம இன்னும் ஆறுக்கே வரல. நீ வரிசையா வா."

அவள் என்னை நம்பினாள். ஆறாம் நம்பரில் ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறக்கவே நகம் உடைந்துவிட்டது என்றாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன், பார்த்தாள். ஏழாம் நம்பர் ரிலே. ஹாரனின் ரிலேயைக் கழற்றி இங்கே மாற்றிப் போடச் சொன்னேன். அது கை நழுவிக் கீழே விழுந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் தேடி எடுத்தாள். நடுவில் இரண்டு முறை அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், இரண்டு முறையும் ம் என்றான். மூன்றாவது முறை அவள் கூப்பிட்ட பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, இவர் பேச மாட்டேங்கறாரு மாமா."

போன் வந்து பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. நான் கிளம்பினேன். மேட்டில் ஏறும்போது எவ்வளவு வேகமாகப் போனேன் என்று தெரியாது, ஒரு லாரிக்காரன் கத்தினான். அவர்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது, அவன் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் வண்டியின் முன்பக்கம் நின்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எர்த் வயரை இறுக்கிவிட்டேன். சாவியைத் திருப்பச் சொன்னேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக எல்லோரும் அவனைப் பார்த்த பார்வை அது. எனக்கு நன்றாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர், அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, நல்லவிதமாகத்தான் பேசினார்கள். மாமா பாவம், போனில் எவ்வளவு பொறுமையாக வழி சொன்னார், வந்த உடனே வண்டியைக் கிளப்பினார் என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். அதைக் கேட்டு என் மனைவிகூட ஒரு மாதிரி மரியாதையாக நடந்துகொண்டாள்.

ஆனால் அவள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "அவர் எர்த் வயர்னு சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அது அப்படியே ஊர் முழுக்கப் பரவியது. நெஞ்சுவலியோடு, பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஒரு டக் சத்தத்தை வைத்தே மனுஷன் கண்டுபிடித்துவிட்டாராமே என்று கேட்டுக்கொண்டு பட்டறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த ஆசிரியை வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். பக்கத்து டயர் கடைக்காரர் இதை என்னிடமே சொன்னார், அதுவும் கையை ஆட்டி ஆட்டி, அன்று போனில் இருந்ததே நான் இல்லை என்கிற மாதிரி.

போன வாரம் முதலாளி தம்பியின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்தார். மாட்டுவதற்கு இடம் பார்த்தார். என் மேஜைக்கு மேலேதான் ஆணி இருந்தது. அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இனிமே இது வேண்டாம். சத்தம் மட்டும் வருதுன்னா முதல்ல எல்லாரும் எர்த் வயரப் பாருங்க. அவன் சொல்லிட்டுப் போயிருக்கான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். புதுப் பட்டறைக்கும் அவன் பெயரையே வைக்கப் போகிறார்களாம். அங்கே தலைமை ஆளாக என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே அவன் பெயர் இருக்கும். வருகிறவர்கள் அண்ணாந்து படித்துவிட்டு என்னிடம் அந்தக் கதையைச் சொல்வார்கள். நானும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் வந்தேன். இந்தாருங்கள், இது பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர். எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன், வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது இதைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் தூங்கும்போது எர்த் வயரின் போல்ட்டை மூன்று சுற்றுத் தளர்த்தினேன். வளையத்துக்கு அடியில் மண்ணையும் பழைய கிரீஸையும் குழைத்துத் தடவினேன். சாவியைத் திருப்பிப் பார்த்தேன், டக்கென்றது. அவன் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போய்ச் சேரக் கூடாது, சொந்த வண்டியைக் கிளப்பத் தெரியாதவனா தலைமை ஆள் என்று கூட்டாளிகள் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அவன் நெஞ்சில் இருந்த கோளாறுக்கு நான் பொறுப்பாளி இல்லை. போனில் நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பான வழி இல்லை, வேண்டுமானால் எந்த மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் கேளுங்கள். இன்னும் இரண்டு நம்பர் அவன் தாங்கியிருந்தால் ஒன்பதுக்கு வந்திருப்போம்.

கொலை என்று எழுதினாலும் சரி, வேறு என்ன பிரிவில் எழுதினாலும் சரி, நான் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருஷம் என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு வரியை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதுங்கள் சார், அதைத் தம்பி மனைவிக்கும் முதலாளிக்கும் அந்த ஆசிரியைக்கும் படித்துக் காட்டுங்கள். அந்த வண்டியில் என்ன கோளாறு என்று அவனுக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும்.